முப்பத்திரண்டில் ஒன்று

இருப்பது ஒரே ஒரு புகைப்படம்.
கறுப்பு வெள்ளை. இடப்பக்கம் மட்டும்.
சோழவரம் ஓடுபாதை. தார் டிரம்கள்மேல் ஏறி நிற்கும் ஆட்கள்.
அவர்களுக்கு முன்னால் கார்டோசா ஸ்பெஷல்,
ராயபுரத்தில் ஒரே ஒரு தடவை செய்யப்பட்ட கார்.
பியட்டின் எலும்பு, படகுப் பட்டறையில் ஊற்றிய ஃபைபர் தோல்,
மோப்பம் பிடிக்கும் நாயைப்போல் தாழ்ந்த மூக்கு.

எம்.சி. ரோட்டில், பாவாடைக் கடைக்கு மேல்மாடியில்
பகல் முழுக்க நான் பல் செய்கிறேன்.
யாரோ கடித்துக் கொடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி,
மெழுகு செதுக்கி,
முகம் பார்க்காமலே ஒரு சிரிப்பை முடித்து டப்பாவில் அனுப்புவேன்.
ஒரு பல் போனால் அதன் ஜோடியைப் பார்த்துச் செய்யலாம்.
இரண்டும் போனவர்களுக்குத்
தோராயம்தான்.

ஆறு மணிக்கு மேல் அதே மேசை, அதே மைக்ரோமோட்டார்.
காரிலும் என் கணக்கு முப்பத்திரண்டுதான்:
அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு.
சிரிக்க வேண்டாம், நான் சிரித்து முடித்துவிட்டேன்.

முதலில் இடப்பக்கம். நான்கு ராத்திரி.
பின்சக்கரத்துக்கு மேல் ஈறு வீங்கியதுபோல் ஒரு மேடு;
படத்தில் நிழலாக இருந்ததை
விரல் தானாகக் கண்டுகொண்டது.
ஐந்தாம் ராத்திரி திருப்பி வைத்தேன்.
அங்கே வெறும் மெழுகு.

விசாரித்தேன்.
பனைமரத்தொட்டி மெல்வின், "கதவு உண்டு, நானே தொறந்திருக்கேன்" என்றார்.
அவர் அண்ணன், "ஏது கதவு? எகிறிக் குதிச்சுத்தான் உக்காருவான்" என்றார்.
நிறம்?
ஒருவருக்கு ரத்தச் சிவப்பு, மற்றவருக்கு முட்டைக்கரு.
இருவரும் சத்தியம் செய்தார்கள்,
பிறகு வேறெதற்கோ சண்டை பிடித்தார்கள்.
டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு உறுதியானது ஒன்றே ஒன்று:
இடப்பக்கம் புகைக்குழாய் இல்லை.
ஆக, அது வலப்பக்கம் போயிருக்க வேண்டும்.
ஓர் ஊசியை வளைத்து அங்கே ஒட்டினேன்.
மீதியை வழவழவென்று விட்டுவிட்டேன்.

உடம்பு, பல்செட் அக்ரிலிக்.
வியாசர்பாடி லேத்தில் சுகந்தன் கடைந்த பித்தளைச் சக்கரம்
("இது எந்த வண்டிக்கு மேடம்?" "எறும்புக்கு"),
ஹவாய்ச் செருப்பிலிருந்து நான்கு டயர்,
வயிற்றடியில் பள்ளத்தைத் தேடும் ஒரு கத்தி,
அதன் இருபுறமும் செம்புப் பின்னல்.
பெயிண்டுக்கு, பல் நிற அட்டையை நீட்டிப் பார்த்தேன். ஏ-த்ரீ.
நாற்பது வயது, நாளுக்கு மூன்று டீ.
யாரும் சொல்லாத நிறம்.

காலடிப்பேட்டை, ரவூஃபின் மொட்டைமாடி அறை.
பிளைவுட்டில் கீறிய பள்ளம், பன்னிரண்டு வோல்ட்.
கீழே துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள்
ஒவ்வொன்றும் நகரும்போது பாதையும் கொஞ்சம் நகரும்.
வண்டி வலம் வரக்கூடாது, இடமாகத்தான் சுற்ற வேண்டும் என்றேன்.
வளையத்துக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்தால்
எத்தனை சுற்றிலும் தெரிவது இடப்பக்கமே.
ரவூஃபிடம் காரணம் சொல்லவில்லை.

ஓடியது!
பொரிக்கும் எண்ணெயின் சத்தம், கொஞ்சம் ஓசோன் வாசம்,
புகைப்படம் தன் டிரம்களை விட்டுவிட்டுப் புறப்பட்டதுபோல்.
ஏழாவது சுற்றில் கீழே ஒரு ஹார்ன்.
என் கட்டைவிரல் அழுத்திவிட்டது.
மூன்றாம் வளைவில் கத்தி பள்ளத்தைத் துறந்து
வலப்பக்கமாய்ப் புரண்டு
சிமெண்டில் இழுத்துக்கொண்டே போய்க்
கட்டில்காலில் நின்றது.

எடுத்துப் பார்த்தேன்.
ஊசியிலிருந்து முன்சக்கரம் வரை நீளமான ஒரு சிராய்ப்பு.
ஏ-த்ரீ உரிந்து
உள்ளே ஈறின் ரோஜா.
"டச்-அப் பண்ணிடலாம், அரைமணி வேலை" என்றான் ரவூஃப்.
வேண்டாம் என்றேன்.

வலப்பக்கத்தைப் பற்றி
இப்போது ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும்:
ஞாயிறு, ராத்திரி ஒன்பது இருபது, மூன்றாம் வளைவு.

பின்னலை நகத்தால் நிமிர்த்தினேன்,
பள்ளத்தில் மறுபடி வைத்தேன்,
கண்ட்ரோலரின் ஒயரை இழுத்துக்கொண்டு
இந்தத் தடவை
வளையத்துக்கு வெளியே போய் நின்றேன்.